நோயாளி வேஷம்

செப்டம்பர் 9, திங்கள்

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் அம்மா இன்று காலை போய்விட்டார். வார்டு சிஸ்டர் என்னையும் என் ரூம்மேட் பெனிட்டாவையும் கூப்பிட்டு, "மூணாம் வருஷம்தான நீங்க? நீங்களே பாத்துருங்க" என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸுக்கு ஓடினார். உடம்பைத் துடைத்து, பஞ்சு வைத்து, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினோம். நேற்று அந்த அம்மாவுக்கு நான்தான் கஞ்சி ஊட்டினேன். எந்த ஊர், என்ன படிக்கிற என்றெல்லாம் விசாரித்தார். பெனிட்டா துடைக்கும்போதே அழுதாள். நான் துணி போதாமல் ஸ்டோருக்குப் போய்க் கேட்டு வாங்கி வந்தேன்.

மதியம் மெஸ்ஸில் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அப்பளம் நமுத்திருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

நர்ஸிங் காலேஜ் என்றால் படிப்பு என்று வெளியே நினைக்கிறார்கள். விடியுமுன் எழுந்து பக்கெட்டோடு வரிசையில் நின்று குளித்து, கொண்டையில் வலை மாட்டி, பஸ்ஸில் நின்றபடி இட்லியை விழுங்கி, மதியம் வரை கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாத ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, திரும்பி வந்து சாயங்காலம் வரை வகுப்பில் உட்கார்ந்தபடி தூங்கி, அதற்கும் திட்டு வாங்கி, அப்புறம் ஸ்டடி ஹவரில் நாளைய நோயாளிக்கு என்னென்ன செய்வது என்று கேர் பிளான் எழுத வேண்டும். இதெல்லாம் எல்லாரும் செய்கிறார்கள். நான் ஒருத்திதான் செய்வதுபோல இங்கே புலம்பிக்கொண்டிருக்கிறேன். சீ, போதும்.

செப்டம்பர் 16, திங்கள்

இன்றிலிருந்து மனநலப் பிரிவில் போஸ்டிங். ஆளுக்கு ஒரு நோயாளி. அவரோடு பேசி, அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதி, எங்களுக்கு மனநலப் பாடம் எடுக்கும் ஹேமலதா மேடத்திடம் காட்ட வேண்டும். எனக்கு வந்தவர் ரஹ்மத்தக்கா. மனச்சோர்வு என்று அட்மிட் ஆகியிருக்கிறார். நான் போனபோது சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். பத்து மணி வெயில் முகத்தில் அடிக்கிறது, தூங்குகிறார். டாக்டர் வந்தார், பார்த்தார், "தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தூங்கட்டும் என்று ஒரு மனுஷன் வாயால் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. எனக்கு அந்தக் கட்டில் மேல் பொறாமையாக இருந்தது. இதை வெளியே சொன்னால் என்னையும் அங்கேயே படுக்கவைத்துவிடுவார்கள். வைத்தால்தான் என்ன.

விளையாட்டுக்கு எழுதினேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

அக்டோபர் பத்து உலக மனநல நாள். எங்கள் செட்தான் நாடகம் போடவேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். "பர்ன் அவுட், மனச்சோர்வு, எல்லாம் வரணும். ஆனா பாசிட்டிவா முடியணும்." நர்ஸ் வேஷத்துக்கு ஏழு பேர் கை தூக்கினார்கள். நோயாளிக்கு யாரும் தூக்கவில்லை. போன வருஷம் நோயாளியாக நடித்த அக்காவை ஹாஸ்டல் முழுக்க இன்னமும் "பேஷன்ட்" என்றுதான் கூப்பிடுகிறது.

சீட்டுக் குலுக்கினார்கள். என் நேரம், எனக்கே விழுந்தது. நர்ஸ் வேஷம் பெனிட்டாவுக்கு.

"ஏட்டி ரஞ்சி, கவலப்படாத, ஒன்ன நான் கொணப்படுத்திருதேன்" என்றாள். அவள் தூத்துக்குடிக்காரி. எந்த விஷயத்தையும் அவள் சொன்னால் பாதி பாரம் குறையும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

யூனிஃபார்ம் துவைத்தேன். அம்மாவிடம் பேச வார்டன் போன் கொடுத்தார். அறந்தாங்கியில் மழையாம். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டதாம், என்ன சாப்பிடலாம் என்று என்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னாராம். சொன்னேன். "நீ எப்புடி இருக்க ஆத்தா?" என்று கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன். அதற்குள் பின்னால் நின்ற ஜூனியர் பெண் போனுக்காக இருமினாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மேடம் எழுதிய நாடகம் கைக்கு வந்தது. நோயாளி செல்வி, இல்லத்தரசி. மேடைக்கு வந்ததும் "சிஸ்டர், எனக்கு சில மாதங்களாக மனச்சோர்வும் ஆர்வக்குறைவும் உள்ளன" என்கிறாள். எந்த மனுஷி இப்படிப் பேசுவாள்? பாடப்புத்தகத்துக்குப் புடவை கட்டி அனுப்பியது மாதிரி இருக்கிறது.

எரிச்சலில் ஸ்டடி ஹவரிலேயே உட்கார்ந்து செல்வியின் வசனத்தை மாற்றி எழுதினேன். யோசிக்கவே இல்லை, கை பாட்டுக்கு ஓடியது. கேர் பிளான் ஒரு பக்கம் எழுத இரண்டு மணி நேரம் முக்குகிறவள், இதைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன்.

"காலைல கண்ணு முழிச்சதும் ஏன் முழிச்சோம்னு இருக்கு சிஸ்டர். ஒடம்புல ஒரு நோவும் கெடையாது. பல்லு வெளக்கறதுக்கே ஒரு நாள் வேல பாத்த மாதிரி இருக்கு. கண் முன்னால ஒருத்தங்க செத்துப்போனாக்கூட ஒண்ணும் தோணல. கைய கழுவிட்டு வந்து சோறு திங்கறேன். சோறு எறங்குது. அதான் சிஸ்டர் பயமா இருக்கு."

கற்பனைதான். பெனிட்டா படித்துவிட்டு, "யாரப் பாத்து எழுதுன?" என்றாள். ரஹ்மத்தக்கா என்று சொல்லிவிட்டேன். ரஹ்மத்தக்கா இதுவரை என்னிடம் பேசியதே "தண்ணி குடும்மா" மட்டும்தான்.

செப்டம்பர் 27, வெள்ளி

ஒத்திகை. மேடம் புது வசனத்தை முழுக்கக் கேட்டார். பிறகு, "இதுதான் நோயாளியக் கவனிக்கறதுங்கறது. மத்தவங்களும் கத்துக்கங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு இது. முதல் இரண்டு வரி முடிந்ததும் நர்ஸ் "அப்புறம்?" என்று கேட்கவேண்டும் என்று மட்டும் மேடம் சேர்த்தார்.

பெனிட்டாவுக்குத்தான் வரவில்லை. நோயாளி பேசி முடித்ததும் நர்ஸ் உடனே பதில் சொல்லக்கூடாது, சற்று நேரம் அமைதியாக அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். அதற்கும் பாடத்தில் பெயர் இருக்கிறது, மார்க் இருக்கிறது. பெனிட்டாவால் சும்மா இருக்க முடியவில்லை. நான் "பயமா இருக்கு" என்றதும் அவள் "பயப்படாதீங்கம்மா" என்று பாய்ந்து விடுகிறாள். மேடம் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவள் பாய்வதுதான் பிடித்திருந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

ஷூ பாலிஷ் தீர்ந்துவிட்டது. தலைக்குக் குளிக்கவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

காலையில் குளியலறை வரிசையில் எனக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் போகவிட்டுக்கொண்டே இருந்தேன். ஏதோ பெரிய மனசு என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். தண்ணீரைத் தொடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். முகத்தை மட்டும் கழுவிவிட்டு பஸ் ஏறினேன். பஸ் வளைவில் திரும்பும்போது, லேசாக எதிலாவது மோதி எனக்கு மட்டும் ஒரு கால் உடைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பெரிதாக வேண்டாம். ஒரு மாவுக்கட்டு, ஒரு மாதம் படுக்கை. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். உடைந்த காலை எல்லாருக்கும் புரியும்.

வார்டில் ரஹ்மத்தக்காவை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியது நான்தான். மூலையை மடித்துச் செருகிவிட்டு அதன் மேல் கொஞ்சம் உட்கார்ந்தேன். வார்டு சிஸ்டர் பார்த்துவிட்டு, "பேஷன்ட் பெட்ல ஸ்டூடன்ட் ஒக்காரலாமா?" என்றார். எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

நாளை நாடகம். இதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

வசனத்தை எழுதும்போது தெரியாது. இப்போது தெரிகிறது, எனக்கு நாளைக்கு ஒரு ஆசை இருக்கிறது. ஹேமலதா மேடம் முதல் வரிசையில் உட்காருவார். ஒரு மாதமாக அறிகுறிகள், அறிகுறிகள் என்று வகுப்பெடுத்தவர். தலை வாராதது, குளிக்காதது, எதிலும் ஒட்டாதது. அவர் கண்ணுக்குத் தப்புமா? நான் பேசும்போது, இது செல்வி இல்லை, இந்தப் பெண்தான் என்று அவருக்குப் பட்டுவிடும். முடிந்ததும் கையைப் பிடித்துத் தனியாகக் கூட்டிப்போய் உட்காரவைப்பார். நானாகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்காது. நானாகப் போய்ச் சொல்ல என்னால் முடியாது. சொன்னால், இவளே இப்படி என்றால் இவள் எந்த நோயாளியைப் பார்ப்பாள் என்பார்கள்.

ஒரே ஒரு ஆள் கண்டுபிடித்தால் போதும்.

அக்டோபர் 10, வியாழன்

ஆடிட்டோரியம் நிறைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய டாக்டர்கள், நான்கு வருஷத்துப் பெண்கள், பின்னால் மெஸ் ஆட்கள். பெனிட்டாவின் யூனிஃபார்ம் மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு ஒரு பழைய சேலை. தலையைக் கலைத்துவிட வந்த பெண், "ஒனக்கு மேக்கப்பே வேணாம்டி" என்று சிரித்தாள்.

பேசினேன். முழுக்கப் பேசினேன். மேடத்தையே பார்த்துப் பேசினேன். "சோறு எறங்குது" என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது, ஒத்திகையில் அப்படி ஆனதே இல்லை. பெனிட்டா இன்று பாயவில்லை. சொல்லிக்கொடுத்தபடி அமைதியாக என் முகத்தைப் பார்த்தாள். யாராவது எழுந்து வந்துவிடுவார்கள் என்று நான் காத்திருந்தேன்.

கை தட்டினார்கள். அப்படியொரு கைதட்டல் இந்தக் காலேஜில் யாருக்கும் கிடைத்ததில்லையாம். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். பிறகு பெனிட்டா, "நீங்க தனியா இல்ல, நாங்க இருக்கோம்" என்றாள், எல்லாரும் அட்டை பிடித்துக்கொண்டு பாடினோம். எனக்குச் சிறந்த நடிப்புக்கு ஒரு ஷீல்டு. டாக்டர் ஒருவர், "வெரி ரியலிஸ்டிக்" என்று கைகுலுக்கினார்.

ரூமுக்கு வந்ததும் பெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியே விட்டேன்.

"பெனி, அது நடிப்பில்லடி. செல்வி பேசுனதெல்லாம் எனக்கு நடக்கறதுதான்."

அவள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கட்டிலில் குப்புறக் கிடந்தாள். "ஏட்டி, வேஷத்த விட்டு வெளிய வா. எனக்கே உண்மையினு நெனச்சு அழுக வந்துட்டு, அப்படில்லா நடிச்ச."

"நெசமாத்தான்டி சொல்றேன்."

"நம்ம எல்லாருக்கும் அப்படித்தாம்ட்டி கெடக்கு. யாருக்கு இங்க காலைல எந்திரிக்கப் புடிக்குது? நாளைக்கு லீவு. ஒறங்கு" என்றாள். அடுத்த வார்த்தை வருவதற்குள் தூங்கிவிட்டாள். அவள்மேல் கோபமே வரவில்லை. அவள் ஷூவைக் கழற்றிவிட்டேன். குதிகால் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பி.பி. மெஷினுக்கும் ஸ்டெதஸ்கோப்புக்கும் சந்தனம், குங்குமம். லேபில் நாங்கள் ஊசி போட்டுப் பழகும் பொம்மைக்கும் நெற்றியில் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். பொம்மைக்கு மாலை போட்டதும் அது செத்த ஆள் மாதிரி ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். சுண்டல் நன்றாக இருந்தது.

அக்டோபர் 19, சனி

நாடகம் ஹிட்டாகிவிட்டது. காலேஜின் ஃபேஸ்புக் பக்கத்தில் வீடியோ போட்டு ஊரெல்லாம் பார்த்தாயிற்று. இரண்டு காலேஜில் போட்டாயிற்று, ஒரு பஸ் ஸ்டாண்டிலும் போட்டாயிற்று. இன்று காலை ஒன்று, மதியம் ஒன்று. பஸ் ஸ்டாண்டில் "கொஞ்சம் சத்தமா பேசும்மா" என்றார்கள், சத்தமாகப் பேசினேன். குரல் இப்போது தானாகவே சரியான இடத்தில் உடைகிறது. உள்ளே ஒன்றும் ஆவதில்லை. "பயமா இருக்கு" என்று சொல்லும்போது, கேர் பிளான் ஏழு பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

ஜுரம் வரும் என்று எதிர்பார்த்தேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். நார்மல்.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன், அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று. போகமாட்டேன் என்று சொல்லக்கூட இல்லை. கொஞ்ச நாள் வீட்டில் படுத்துக்கிறேன் என்று மட்டும்.

அம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வீடியோ பாத்தேன் ஆத்தா. என்னமா நடிச்சிருக்க. நான் நெசமாவே அழுதுபுட்டேன், ஒங்கப்பாதான் ஏய் அது நாடகம்டீன்னு அதட்டுனாக." பக்கத்து வீட்டுப் பெரியம்மா, எதிர்வீட்டு அக்கா, எல்லாரும் வந்துவிட்டார்கள். "அதக் கொஞ்சம் சொல்லிக் காட்டேன் தாயி" என்றார் பெரியம்மா.

கூடத்து நடுவில், டி.வி.யை அணைத்துவிட்டு, நின்று சொன்னேன். அம்மாவை நேராகப் பார்த்துத்தான் சொன்னேன். அம்மா நான் சொல்லச் சொல்ல உதடு அசைத்து உடன் சொன்னார். அவருக்கு மனப்பாடம். முடிந்ததும் நெட்டி முறித்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பித்துப் பார்த்தேன். "அம்மா, எனக்கு அங்க முடியல." அம்மா முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டே, "இன்னும் ஒன்ற வருசம், கண்ண மூடி முழிச்சா ஓடிப்போயிரும்" என்றார். கண்ணை மூடுவது சரி. முழிப்பதுதானே கஷ்டம்.

நவம்பர் 6, புதன்

மறுபடி பெண்கள் வார்டு. இன்று ஒரு விஷயம் நடந்தது. பெட்பேன் கழுவும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தண்ணீர் வழிந்து வராந்தா வரை போய்விட்டது. யாரோ கத்திய பிறகுதான் மூடினேன். என் ஷூவெல்லாம் நனைந்திருந்தது, அது எனக்குத் தெரியவில்லை.

ரவுண்ட்ஸுக்கு வந்த ஹேமலதா மேடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கதவருகில் நின்றார். திட்டவில்லை. என் தலையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். "நாளைக்கு காலேஜ்ல என் ரூமுக்கு வா. உன்கிட்ட பேசணும்" என்றார்.

பார்த்துவிட்டார். மேடம் பார்த்துவிட்டார். பயமாக இல்லை. நாளைக்கு எல்லாம் சொல்லிவிடுவேன். இன்று நானாகவே தலைக்குக் குளித்தேன்.

நவம்பர் 7, வியாழன்

மேடம் கதவைச் சாத்தினார். எதிரே உட்காராமல் என் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார்.

"கிளாஸ் மேடமா கேக்கல, ரஞ்சி. அக்கா மாதிரி நெனச்சுக்க. ஒனக்கு என்னம்மா பண்ணுது?"

இரண்டு மாதமாக யாராவது கேட்கவேண்டும் என்று காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தேன்.

"காலைல கண்ணு முழிச்சதும் ஏன் முழிச்சோம்னு இருக்கு மேடம். ஒடம்புல ஒரு நோவும் கெடையாது."

மேடத்தின் முகம் மாறியது. முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்தார். "அது செல்விப்பா. நான் ஒன்னக் கேக்கறேன்."

"இல்ல மேடம், பல்லு வெளக்கறதுக்கே..." என்று ஆரம்பித்தேன். என் காதுக்கே கேட்டது. அதே ஏற்றம், அதே இறக்கம். அடுத்து குரல் உடையப்போகிற இடம் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நிறுத்திக்கொண்டேன். வேறு வார்த்தை தேடினேன். இருந்த எல்லாவற்றையும் அதில் எழுதிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் சத்தமாகவும் கூடத்தில் பெரியம்மாவுக்காகவும் சொல்லிச் சொல்லி, அவை யாருடையவோ ஆகிவிட்டன. மேடம் காத்திருந்தார். பாடத்தில் உள்ளபடி அமைதியாக, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் காத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"வேற எதாவது இருக்கா ரஞ்சி? வீட்ல? பசங்க விஷயம் எதாவது?"

"ஒண்ணுமில்ல மேடம்."

மேடம் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அதிகமா ஷோ போட்டுட்டோம். என் தப்புதான். திரும்பத் திரும்ப நடிச்சா அந்தக் கேரக்டர் உள்ள ஒக்காந்துக்கும். இருபத்திரெண்டாம் தேதி புரோகிராம் மட்டும் முடிச்சுருவோம், கலெக்டர் வர்றாங்க. அதுக்கப்புறம் ஒனக்கு ரெஸ்ட்." தோளைத் தட்டிக்கொடுத்தார். "தொண்டையப் பாத்துக்க. வெந்நீர் குடி."

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மத்தியான வகுப்பு இருந்தது. நோட்ஸ் எடுத்தேன்.

இங்கேயாவது என் சொந்த வார்த்தையில் எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்தேன். எனக்கு என்ன செய்கிறது என்று மட்டும். காலையில் கண் விழித்ததும் என்று ஆரம்பித்து இரண்டு வரி எழுதினேன். கை தானாக நின்றுவிட்டது. நாடகத்தில் பெனிட்டா "அப்புறம்?" என்று கேட்கிற இடம் அது.